மூன்று குறையும் ஒரே இடத்தில்

துளசி ஒரு சாமானைப் பார்த்து 'வாங்கலாம்' என்று சொன்னால் மலேசியாவின் புக்கிட் பெருந்துங்கிலிருந்து பத்தாங் காலி வரைக்கும் நாலு பேர் நம்பி வாங்குவார்கள். 'வேண்டாம்' என்று சொன்னால் நாற்பது பேர் வாங்கமாட்டார்கள்.

இத்தனைக்கும் அவள் ஒன்றும் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷமாகத் தரம் பார்க்கிற வேலை. வரிசையில் வரும் பிளாஸ்டிக் மூடிகளை ஒவ்வொன்றாகத் திருப்புவாள். கீறல் இருக்கிறதா, துளை அடைத்திருக்கிறதா, விளிம்பு கையைக் கிழிக்குமா என்று பார்ப்பாள். சரியென்றால் 'பாஸ்' என்று பச்சைப் பெட்டி, இல்லையென்றால் சிவப்புப் பெட்டி. எட்டு மணி நேரம் அப்படிப் பார்த்துப் பழகிய கண் வீட்டுக்கு வந்தால் மட்டும் மூடிக்கொள்ளுமா? முதலில் புதிதாக வாங்கிய ரைஸ் குக்கரைப் பற்றித் தோழிகளுக்கு ஒரு குரல் பதிவு அனுப்பினாள். பிறகு மின்விசிறி. பிறகு போன். ஆள் சேர்ந்து சேர்ந்து 'துளசி சொல்லட்டும்' என்று ஒரு வாட்சப் குழுவே உண்டாகி, இன்றைக்கு அதில் அறுநூற்று நாற்பது பேர். ஞாயிற்றுக்கிழமை காலையில் பசியாறி முடித்ததும் ஐந்து நிமிஷம் பேசி அனுப்புவாள். கடைக்காரர் தரும் சாமானை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். ஒரு கரண்டிகூட இலவசமாக வாங்கிக்கொண்டதில்லை. அந்தப் பேச்சுக்கு மதிப்பு வந்தது அப்படித்தான்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் யுவனேஸ்வரன் வந்தான். பத்தாங் காலியில் போன் கடை திறந்து எட்டு மாசம் ஆன பையன். மோட்டார் சைக்கிள் கூடையில் துண்டு சுற்றி, முட்டையைக் கொண்டுவருவதுபோல் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தான். உள்ளே வெள்ளை நிறத்தில் ஒரு டேப்லெட், கடைப் பேச்சில் டேப். பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தைவிடக் கொஞ்சம் சின்னது.

"கேம் விளையாடறவங்களுக்குன்னே செஞ்சதுக்கா. பாக்கத்தான் சின்னது, வேகம் பயங்கரம்லா. வேணும்னு பத்து பேரு முன்கூட்டியே பேரு எழுதிக் கொடுத்திருக்காங்க. அவங்கள நம்பிப் பத்து டேப் எடுத்துட்டேன். எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்றாங்க, துளசியக்கா என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டு வாங்கறோம்."

"நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னுதான் சொல்லுவேன், தம்பி."

"அதுக்குத்தானே உங்ககிட்ட கொண்டாந்தேன்."

திரைக்கு மேல் மெல்லிய கண்ணாடித்தாள் ஒன்றை அவனே ஒட்டியிருந்தான். மேல் விளிம்பின் நடுவில், முன்பக்கக் கேமரா இருக்கிற இடத்தில் மட்டும், அந்தத் தாளில் அரிசி அகலத்துக்கு ஒரு வெட்டு. துளசி டேப்பைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது வீடெல்லாம் சாம்பிராணியும் சந்தனமும் மணந்தது. வெள்ளிக்கிழமை அவள் வீடு எப்போதும் அப்படித்தான் மணக்கும். அதை அவள் மூக்கு கவனிப்பதை விட்டு வெகு காலமாகிவிட்டது.

மறுநாள் காலையில் பிரேமளா வந்தாள். அடுத்த வரிசை வீடு. சுங்கை சோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா. நாற்பத்தேழு வயது. அவள் அப்பா கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பேச்சில் இன்னும் அந்த வாடை போகவில்லை. பகலெல்லாம் பிறப்புப் பத்திரத்தையும் மாணவர் பதிவையும் சரிபார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்து ஆள் சுடுகிற விளையாட்டில் உட்கார்ந்துவிடுவாள். ஈப்போவில் இரண்டு நர்சுகள், பினாங்கில் ஒரு பல் டாக்டர், இவள் என்று நாலு பேர் சேர்ந்த கூட்டணி. விளையாட்டில் அவள் பெயரைக் கண்டால் எதிரிகள் சுவருக்குப் பின்னால் ஒளிவார்களாம், அவளே சொன்னது.

துளசி தன் தாளை எடுத்து வைத்தாள். கை, கண், காது, வாய், சூடு, பசி என்று ஆறு தலைப்பு. பிடிக்க வசதியா என்பது கை, திரை கண், ஒலிபெருக்கி காது, பேச்சை வாங்குவது வாய், சார்ஜ் பசி. எதையும் மூன்று தடவை பார்ப்பாள். தொழிற்சாலை வழக்கம்.

"முதல்ல கை. எப்படி இருக்கு, அக்கா?"

பிரேமளா டேப்பைக் குறுக்கே பிடித்து இரண்டு கட்டைவிரலையும் ஓட்டிப் பார்த்தாள். "இஞ்ச பார், பிள்ளை. பெரிய டேப்பைப் பிடிச்சா நடுவுக்கு என்ர விரல் எட்டாது. போனில விளையாடினா விரலே பாதிப் படத்தை மறைக்கும். இது ரெண்டுக்கும் நடுவில சரியா நிக்குது. மணிக்கட்டு நோகேல்லை."

கை: நன்று. துளசி எழுதிக்கொண்டாள்.

சூட்டுக்கு அவளிடம் ஒரு கருவி உண்டு. கொரோனா காலத்தில் தொழிற்சாலை வாசலில் நெற்றிக்கு நேரே பிடித்துக் காய்ச்சல் பார்ப்பார்களே, அது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை டேப்பின் முதுகில் பிடித்தாள். முப்பத்தெட்டு. நாற்பது. ஒரு மணி நேரத்தில் நாற்பத்திரண்டு.

"மனுசனா இருந்தா இந்நேரம் கிளினிக்கில படுக்க வச்சிருப்பாங்க," என்றாள் துளசி.

"கேம் டேப்புக்கு இது நல்ல சூடுதான். என்ர போன் இன்னும் கொதிக்கும்."

அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போனது. வெளிச்சத்தில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க இருவரும் கார் நிறுத்துகிற முன்கூடத்துக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். நல்ல வெயில். திரை தானாக வெளிச்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். கூட்டவில்லை. மாறாக மங்கியது.

"ஐயோ, எவன் சுட்டவன்? எங்க நிண்டு சுட்டவன்? ஒண்டும் தெரியேல்லை!" பிரேமளா திரையைக் கையால் மறைத்துக் கத்தினாள்.

அதற்குள் ஈப்போ நர்சின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. "அக்கா, கெணத்துக்குள்ள இருந்தா பேசறீங்க? ஒண்ணும் கேக்கல!"

"நான் தொண்டை கிழியக் கத்துறன், கேக்கேல்லையோ?"

"கொஞ்சம் வெளிய வந்து பேசுங்கக்கா!"

முன்பக்கக் கேமராவைத் திறந்தால் இரண்டு பேர் முகமும் புகைக்குள் இருந்தது. துளசி அணைத்துப் போட்டுப் பார்த்தாள். எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து அமைத்துப் பார்த்தாள். வீட்டுக்குள், முன்கூடத்தில், வேப்பமரத்தடியில் என்று மூன்று இடத்தில் மூன்று தடவை. கையால் வெளிச்சத்தைக் கூட்டினால் கூடுகிறது. தானாகக் கூட மாட்டேன் என்கிறது. கண்: குறை. வாய்: குறை. தலைப்பில் இல்லாத கேமராவும் ஓரத்தில்: குறை.

"கூட்டாளிக்குச் சத்தம் கேக்காட்டி கேம் டேப் எண்டு ஏன் விக்கினம்?" என்று பிரேமளா நாற்காலியை மடக்கினாள். "கை மட்டும் நல்லா இருந்து என்ன பிரயோசனம்."

துளசி எதையும் ஒரு வாரம் வைத்துப் பார்க்கிறவள்தான். ஆனால் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள், குறை கண்ணுக்கு நேரே தெரிகிறது, இதற்கு மேல் என்ன பார்க்க என்று நினைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசி அனுப்பினாள். பிடிக்க வசதி, வேகம் நன்று, சூடு பரவாயில்லை. ஆனால் மூன்று பெரிய குறை. என் வார்த்தை, வேண்டாம்.

செல்வா சமையல்கட்டில் நின்று அதைக் கேட்டான். செல்வா அவள் புருஷன். அவள் வேலை செய்யும் தொழிற்சாலைக்கே ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறவன். நாலு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவான்.

"பாவம், அந்தத் தம்பி," என்றான். அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் பத்தில் ஒன்பது பேர் வேண்டாம் என்று யுவனேஸ்வரனுக்குச் சொல்லிவிட்டார்கள். அவன் துளசிக்கு எழுதினான். 'நன்றி அக்கா. எடுத்த இடத்துல திருப்பி வாங்கிக்குவாங்களான்னு கேட்டிருக்கேன். வாங்க மாட்டாங்கன்னுதான் நெனைக்கிறேன். நீங்க உள்ளத சொன்னீங்க. எனக்கு வருத்தம் இல்ல.'

கடைசி வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

திங்கட்கிழமை தொழிற்சாலையில், புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி மூடி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு மூலையில் கீறல், அதே மூலையில் கறை, அதே மூலையில் துளை அடைப்பு. மெஷின் கெட்டுப்போச்சு என்றாள். துளசி சிரித்தாள். வருஷத்துக்குப் பத்துப் பேரிடம் சொல்கிற பாடம், வாய் தானாகச் சொன்னது.

"மூணு குறையும் ஒரே இடத்துல இருந்தா மெஷின திட்டக்கூடாது. அந்த எடத்துல யாரு கை பட்டுச்சுன்னு பாரு."

சொல்லிவிட்டு அப்படியே நின்றாள். அந்தப் பெண் "அக்கா? அக்கா?" என்று கூப்பிட்டது காதில் விழவில்லை. கேமரா டேப்பின் மேல் விளிம்பில் இருக்கிறது. வெளிச்சத்தை அளக்கிற கண்ணும் அதன் பக்கத்தில்தான். பேச்சை வாங்குகிற துளை? அதுவும் அந்த விளிம்பில், அரை விரல் தள்ளி.

அன்றைக்கு வேலை முடிந்து வருகிற வழியெல்லாம், பஸ்ஸின் முன்கண்ணாடியில் வைத்திருந்த சந்தனப் பொட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

செல்வாவுக்கு அது ஒரு பழக்கம். ஐந்து வருஷத்துக்கு முன்னால், மழை நாள் காலையில், பத்தாங் காலி வளைவில் அவன் பஸ் வழுக்கிக்கொண்டு போய், முன்சக்கரம் வடிகாலுக்கு மேலே தொங்க நின்றது. உள்ளே முப்பத்தெட்டுப் பெண்கள். ஒருத்திக்கும் ஒரு கீறல் இல்லை. அன்று காலையில்தான் ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்திருந்தான். அதிலிருந்து வீட்டுக்குள் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் அதற்கு ஒரு சந்தனம், அதன்மேல் ஒரு குங்குமம். எந்தச் சாமானுக்கு நெற்றி எது என்று அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ரைஸ் குக்கருக்குப் பொத்தானுக்கு மேலே. மின்விசிறிக்குக் கழுத்தில். வாஷிங் மெஷினுக்கு மூடியில் மூன்று பட்டை விபூதியே போட்டான்.

அந்த வாஷிங் மெஷினைத்தான் பிரேமளா வேடிக்கையாக ஒரு படம் எடுத்து யாருக்கோ அனுப்ப, அது ஊரெல்லாம் சுற்றி, பஸ்ஸில் ஏறுகிற பெண்கள் செல்வாவை 'வாஷிங் மெஷின் சாமி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு இரண்டு வாரம் வீட்டில் தட்டைப் பார்த்தே சாப்பிட்டான். துளசிக்கு மட்டும்தான் அது தெரியும்.

வீட்டுக்கு வந்து, வேலைக்குக் கொண்டுபோகிற பூதக்கண்ணாடியை எடுத்தாள். டேப்பின் மேல் விளிம்பில் பிடித்தாள். கண்ணாடித்தாளில் இருந்த அந்த அரிசி அகல வெட்டு முழுவதும் ஏதோ நிரம்பிக் காய்ந்திருந்தது. டேப்பும் வெள்ளை, காய்ந்ததும் வெள்ளைக்குப் பக்கத்து நிறம். வெறுங்கண்ணுக்கு எப்படித் தெரியும்? பல்குத்தும் குச்சியால் மெதுவாக நோண்டினாள். உமி அளவுக்கு ஒரு துண்டு பெயர்ந்தது. பேச்சுத் துளையிலிருந்து இன்னொன்று. வெள்ளைத் தாளில் வைத்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். சந்தனம். ஒரு துண்டின் ஓரத்தில் ஊசிமுனைச் சிவப்பு.

டேப்பைத் திருப்பி வெளிச்சத்துக்குக் காட்டினாள். திரை பளிச்சென்று விழித்துக்கொண்டது.

செல்வா பஸ்ஸைக் கழுவி நிறுத்திவிட்டு வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது. துளசி போனை எடுத்துக் குரல் பதிவை அழுத்தினாள். "வணக்கம், நேத்து சொன்ன டேப்புல ஒரு சின்னத் திருத்தம். உள்ள கொஞ்சம் தூசி இருந்திருக்கு..." நிறுத்தினாள். தூசி என்றால் யார் தூசி? கடையில் இருந்து வந்த தூசி என்றுதானே கேட்கிறவர்கள் நினைப்பார்கள். ஏற்கெனவே அடிபட்ட பையனை இன்னொரு அடி அடிப்பதா? அழித்தாள். மறுபடியும் அழுத்தினாள். "எங்க வீட்டுல ஒருத்தங்க..." அதையும் அழித்தாள். அவள் வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

உண்மையைச் சொன்னால் யுவனேஸ்வரன் தலை நிமிரும், செல்வா தலை குனியும். சொல்லாவிட்டால் அவள் வாயை நம்பிய அறுநூற்று நாற்பது பேருக்கும் அவள் சொன்னது பொய்யாகவே நிற்கும். அவள் நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் தாளில் இருந்த இரண்டு துண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுப்பில் வைத்த பருப்பு பொங்கி வழிந்து, கருகிய வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள்.

செல்வா வந்து கை கழுவிவிட்டு மேசையில் உட்கார்ந்தான். அவள் தாளை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் குனிந்து பார்த்தான். விரலால் தொட்டான். மூக்கில் வைத்தான். முகம் மாறிவிட்டது.

"நான் தொடச்சிட்டேனே," என்றான். "இரவல் சாமானாச்சேன்னு, வச்ச கையோட ஈரத்துணியால தொடச்சிட்டேனே துளசி."

"வெட்டுக்குள்ள எறங்கிருச்சு. துணி எட்டல."

"அப்ப அந்தத் தம்பி டேப்பு நல்ல டேப்பா?"

"நல்ல டேப்பு."

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றான். துளசிக்குக் கோபம் இருந்தது. 'இரவல் சாமான்மேல ஏன் கை வச்சீங்க' என்று கேட்க வாய் துடித்தது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"நம்மோட சாமான்னா சரி. ஒரு வாரத்துல திருப்பிக் குடுக்கிறதுக்கு ஏங்க பொட்டு?"

செல்வா திரும்பவில்லை. "சாமானுக்கு வைக்கல. உனக்குத்தான் வச்சேன். அத்தன பேரு நீ சொல்றத நம்பறாங்க. உன் வாயில தப்பான சொல்லு வந்துடக் கூடாதுன்னு, நீ பாக்கற சாமான் எல்லாத்துக்கும் வைப்பேன். வச்சுட்டு, நீ பாக்கறதுக்குள்ள தொடச்சிடுவேன். மூணு வருசமா."

மூன்று வருஷமாக. மின்விசிறிகளுக்கும், போன்களுக்கும், அந்த நீர் வடிகட்டிக்கும். அவள் குளிக்கப் போகிற பத்து நிமிஷத்தில். துளசிக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்தது; எதை முதலில் துடைப்பது என்று தெரியாமல் முந்தானையை எடுத்து மேசையைத் துடைத்தாள்.

அழித்துவிட்ட இரண்டு பதிவையும் அவனிடம் சொன்னாள். "சொல்லிடு," என்றான் அவன். "தூசின்னு சொல்லாத, வீட்டுல ஒருத்தங்கன்னும் சொல்லாத. என் பேர போட்டே சொல்லு. இல்லாட்டி அவங்களே போட்டுக்குவாங்க."

"சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்லா. அந்தப் பையன் ஒன்பது பெட்டியையும் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கானே, அத விடவா?"

மறுநாள் காலை ஆறரை மணி. பஸ் கிளம்புவதற்கு முன்னால், டிரைவருக்குப் பின்னால் இருக்கிற முதல் இருக்கையில் உட்கார்ந்து துளசி பேசினாள்.

"வணக்கம். ஞாயித்துக்கிழமை நான் சொன்னது தப்பு. அந்தக் கேம் டேப்புல நான் சொன்ன மூணு குறையும் டேப்போட குறை இல்ல. எங்க வீட்டுல அதுக்குச் சந்தனப் பொட்டு வச்சோம். வச்சது என் வீட்டுக்காரரு செல்வா. அது கேமராவுக்கு மேலயும் பேசற துளையிலயும் எறங்கிடுச்சு. பொட்டு வச்சவரு மேல தப்பில்ல. நல்லது நெனைச்சு வச்சாரு. தரம் பாக்கிற வேலையில மொதல் பாடமே, சாமான் சுத்தமா இருக்கான்னு பாத்துட்டுத்தான் சோதிக்கணும். பதினோரு வருசமா அடுத்தவங்களுக்குச் சொல்லிக் குடுக்கிற நான் அதப் பாக்கல. ஒரு வாரம் பாக்க வேண்டியத ரெண்டு நாள்ல சொல்லிட்டேன். யுவனேஸ்வரன் தம்பிகிட்ட எல்லாரு முன்னாலயும் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். மறுபடியும் மொதல்லருந்து பாத்து, வர்ற ஞாயிறு சொல்றேன்."

அனுப்பினாள். செல்வா கண்ணாடியைச் சரிசெய்து பஸ்ஸை எடுத்தான்.

அந்தப் பஸ்ஸிலேயே முப்பது பேருக்கு மேல் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். இரண்டாவது நிறுத்தத்துக்குள் ஒவ்வொரு போனாகக் கூவியது. காதில் மாட்டிக் கேட்பவள் ஒருத்தியும் இல்லை. எல்லாரும் சத்தமாகவே போட்டார்கள். 'வச்சது என் வீட்டுக்காரரு செல்வா' என்று முன்னால் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, கடைசி வரிசையில் ஒருமுறை. செல்வாவின் காது பின்னாலிருந்து சிவப்பதைத் துளசி பார்த்தாள். அவன் ரோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சாமீ!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் இழுத்தது. "வாஷிங் மெஷின் போயி இப்ப டேப்பா?"

கொல்லென்று சிரிப்பு. துளசி எழுந்திருக்கப் போனாள். அதற்குள் நடு வரிசையில் ஷர்மினி, கொஞ்சம் வெட்கத்தோடு, "ஏ, சிரிக்காதீங்கடி," என்றாள். "எங்கம்மா என் போனு சார்ஜ் போடற ஓட்டைக்குப் பக்கத்துல விபூதி வச்சாங்க. சார்ஜே ஏறல. நான் கடைக்காரனோட சண்ட போட்டு வேற போனு வாங்கிட்டு வந்தேன்."

முன் இருக்கைப் பெண்கள் ஷர்மினி பக்கம் திரும்பினார்கள்.

"எங்க வீட்டுல லேப்டாப்பு," என்றாள் நித்தியா. "விசிறி காத்து வர்ற எடத்துல. எங்கண்ணன்தான் வச்சான். இன்ஜினியரு வேற."

"எங்க அத்த, ஏர்கோன் ரிமோட்டுக்கு முன்னால வச்சாங்க. ரெண்டு மாசமா ஸ்டூல் போட்டு ஏறிதான் பட்டன அமுக்கறோம்."

பிறகு யார் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஒருத்தி சொல்லி முடிப்பதற்குள் இன்னொருத்தி. குழுவிலும் அதேதான். கிளம்பும்போது துளசியின் போனில் வந்த சிரிப்புப் படங்கள் ரவாங் போய்ச் சேர்வதற்குள் வாக்குமூலங்களாக மாறியிருந்தன. நடுவில் யாரோ பழைய வாஷிங் மெஷின் படத்தை எடுத்துப் போட்டார்கள். அடுத்த வரியிலேயே பிரேமளா எழுதினாள்: 'அந்தப் படம் எடுத்தது நான். எடுத்திருக்கக் கூடாது. தயவுசெய்து அழிச்சு விடுங்கோ. அழிக்காட்டி வெள்ளிக்கிழமை விளையாட்டில சந்திப்பம்.' ஐந்து நிமிஷத்தில் படம் போய்விட்டது.

யுவனேஸ்வரன் கடைசியாகத்தான் எழுதினான். 'அக்கா, சொன்னா நம்ப மாட்டீங்க. மாசத்துல நாலு போனு இப்படித்தான் வருது. சுத்தம் பண்ணிக் குடுத்துட்டு, தூசின்னு சொல்லிடுவேன். வீட்டுல யாரையும் திட்டக் கூடாதுல்ல.'

அந்தச் செய்தியைத் துளசி பஸ்ஸைவிட்டு இறங்கும்போது செல்வாவிடம் காட்டினாள். அவன் மெதுவாகப் படித்தான். "நல்ல பையன்," என்றான்.

மறுசோதனை ஒழுங்காக நடந்தது. முதல் வேலையாகத் துளசி பூதக்கண்ணாடியால் எல்லாத் துளையையும் பார்த்தாள். பிரேமளா முன்கூடத்து வெயிலில் உட்கார்ந்து பதினேழு பேரைச் சுட்டாள். "அக்கா, மெதுவா! காது போகுது!" என்று ஈப்போவிலிருந்து கெஞ்சல் வந்தது. சார்ஜ் ஐந்து மணி நேரம் நின்றது. ஆனால் செய்த தப்புக்குப் பரிகாரமாக இல்லாததைச் சொல்லக் கூடாது என்பதில் துளசி கறாராக இருந்தாள். டேப்பைக் குறுக்கே பிடித்தால் உள்ளங்கை ஒலிபெருக்கியை மூடுகிறது. காதுக்குழாய் சொருகுகிற துளை கிடையாது. இரண்டையும் எழுதிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சொன்னாள்: கேம் விளையாடுகிறவர்கள் வாங்கலாம், படம் பார்க்க மட்டும் என்றால் இது சின்னது, வேண்டாம். கடைசியாக ஒன்று. பொட்டு வைக்கிறவர்கள் வைக்கலாம். பின்பக்கம், நடுவில், துளை ஒன்றும் இல்லாத இடத்தில்.

ஒன்பது பேரில் ஆறு பேர் திரும்பி வந்தார்கள். மூன்று பேர் வேறு எதையோ வாங்கிவிட்டார்களாம். சொன்ன சொல்லை எவ்வளவு துரத்தினாலும் முழுசாகப் பிடிக்க முடிவதில்லை. அந்த மூன்று பெட்டியும் துளசியின் நெஞ்சில் கொஞ்ச நாள் இருந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே டேப்பைத் திருப்பிக் கொடுக்க இருவரும் பத்தாங் காலிக்குப் போனார்கள். பஸ் வழுக்கிய அந்த வளைவைத் தாண்டும்போது செல்வா வழக்கம்போலக் காரை மெதுவாக்கினான். கடை சின்னதுதான், நாலு பேர் நின்றால் ஐந்தாவது ஆள் வெளியே. கண்ணாடி அலமாரியில் வெள்ளைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன.

செல்வா வாசலிலேயே நின்றான். "தம்பி, நான் வந்து..."

"உள்ள வாங்கண்ணே." யுவனேஸ்வரன் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினான். "ஒரு உதவி செய்யணும். காலையிலேருந்து வந்து பேரு கொடுத்தவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. செல்வாண்ணன் பொட்டு வச்சு வருமான்னு."

"கேலி பண்றாங்க, தம்பி."

"ரெண்டு பேரு கேலியா கேட்டாங்க. மத்தவங்க நெசமாத்தான் கேட்டாங்கண்ணே. பெட்டிமேல வைங்க. உள்ள வேணாம்."

செல்வா வெறுங்கையைப் பார்த்துக்கொண்டான். அன்றைக்கு அவன் ஒன்றும் கொண்டுவரவில்லை, வேண்டுமென்றே கொண்டுவரவில்லை. பக்கத்தில் ஒரு சத்தம். துளசி கைப்பையைத் திறந்து, பூஜை அலமாரியில் இருக்க வேண்டிய சின்னப் பித்தளைச் சந்தனச் சிமிழை எடுத்து மேசைமேல் வைத்தாள். இன்னொரு கையில் குங்குமம்.

அவன் அவளைப் பார்த்தான். அவள் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்வா மோதிரவிரலால் சந்தனத்தைத் தொட்டான். ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பி, எது நெற்றி என்று யோசித்து, வைத்தான். வைக்க வைக்கத் துளசி ஒவ்வொன்றையும் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குக் காட்டி, எட்டு மணி நேர வேலையில் பார்க்கிற அதே கண்ணால் பார்த்து, பக்கத்தில் அடுக்கினாள்.

"பாஸ்," என்றாள். "பாஸ்." ஐந்தாவது பெட்டியில் நிறுத்தினாள். "இது கொஞ்சம் கோணல்."

"அது கோணல் இல்லலா," என்றான் செல்வா. "அதோட நெத்தி அங்கதான்."

துளசி இன்னொரு தடவை பார்த்தாள். "சரி, பாஸ்," என்று அதையும் அடுக்கினாள்.